வௌவால் மலையில் திருநீறு

பிப்ரவரி 10, ஞாயிறு

என் வீட்டுக்காரருடைய கை எப்படி இருக்கிறது என்று தினம் ஒரு வரி எழுதிவைக்கச் சொன்னார் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா. ஒரு வரிக்காக ஒரு டைரியா என்று கேட்டேன். மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். சரி, இத்தனை வருஷமாக வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. கையும் கொஞ்சம் பேசட்டும்.

கை: வலது கை தோளுக்குக் கீழே அசைவில்லை. கட்டைவிரல் மட்டும் லேசாக.

இன்று வழக்கமான ஒருநாள் சுற்றுலா. கிள்ளானிலிருந்து ஒரு வேன் நிறைய மாதர் சங்கத்து ஆட்கள். காலையில் வௌவால் மலை சிவன் குகை, அப்புறம் சீனர்களின் குகைக் கோயில், மதியம் வாழை இலைச் சாப்பாடு, சாயங்காலம் எதிரே உள்ள பெரிய மலை உச்சி வியூபாயிண்ட், ஸ்ட்ராபெரி, செல்பி, வளைவுப் பாதையில் இரண்டு பேர் வாந்தி. ஈப்போவில் வேன் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றியதில்லை. குகை வாசலில் நான் சொல்கிற வசனமும் மாறியதில்லை. "இந்த மல முழுக்க சுண்ணாம்புக் கல்லுங்க. மழைத்தண்ணி இதக் கரைச்சு கரைச்சுத்தான் உள்ள இவ்ளோ பெரிய கூடம் ஆயிருக்கு. இன்னமும் கரைஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு." இந்த இடத்தில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். வௌவால் எச்சம் விழும் என்று சொன்னதும் மூடிக்கொள்வார்கள்.

மலையின் முதுகுப் பக்கம் குவாரி. வேலை நாளில் சைரன் ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். அதை மட்டும் நான் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் எதற்கு ஒப்பாரி.

இன்று ஒன்று நடந்தது. குகைக்குள் தரையிலிருந்து தானாக வளர்ந்த கல்தான் எங்கள் சுயம்பு லிங்கம். அதன் முன்னால் சிவகாமி என்கிற கிள்ளான் அம்மா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். மேலேயிருந்து சலித்த மாவு போல வெள்ளையாக ஏதோ பொலபொலவென்று அவர் தலையில் கொட்டியது. கோயில் தலைவர் பச்சையப்பன் அண்ணன் ஓடி வந்தார். "தங்காச்சி! திருநீறு! சிவன் திருநீறு போடுறாருமா!" அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் தரையில் விழுந்து கும்பிட்டது. நானும் விழுந்தேன். மற்றவர்கள் விழும்போது நிற்கிறவள் நல்ல வழிகாட்டி இல்லை.

என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். ஆயுசு முழுக்க லோரி ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபிறகு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பச்சையப்பன் அண்ணன்தான் காலையில் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கோயிலில் விடுகிறார். இடது கையால் கூட்டுவார், பாய் விரிப்பார். இன்று அந்தப் பொடியை இடது கையால் வழித்து வலது கை முழுக்கப் பூசிக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. அவர் முகம் அப்படி ஆகி நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 13, புதன்

கை: ஆட்காட்டி விரலும் மடங்குகிறது என்கிறார். எனக்குத் தெரியவில்லை.

வேனுக்கு எண்ணெய் மாற்றினேன். கோழிக் கறி தீய்ந்துவிட்டது.

பிப்ரவரி 17, ஞாயிறு

வௌவால் மலையில் கார் நிறுத்த இடமில்லை. செய்தி தைப்பிங் வரைக்கும் போயிருக்கிறது. என் முதலாளி ஜெகா, என் தம்பி வயசுதான் இருக்கும், அதற்குள் புது விளம்பரம் அடித்துவிட்டான். "திருநீறு மழை பொழியும் அதிசயக் குகை." கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி அவனுக்கு. "அக்கா, மேல வியூபாயிண்டுக்கு லேட்டானா பரவால்ல, கொகையில நேரம் குடுங்க லா" என்றான்.

இன்றும் கொட்டியது. தட்டில் பிடித்துச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துக் கொடுக்கிறார்கள். மடிப்பது அவர், ஒற்றைக் கையால். ஆறேழு மாதமாக ஒரு சட்டைப் பொத்தான் போட மாட்டேன் என்றிருந்தவர்.

ஒரு பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் வைத்தேன். நறநறவென்று இருந்தது. வீட்டுத் திருநீறு அப்படி இருக்காது. சிவன் கையால் போடுவது வேறு மாதிரிதான் இருக்கும்.

கை: ஆட்காட்டி விரல் மடங்குகிறது. நானே பார்த்தேன்.

பிப்ரவரி 20, புதன்

கோப்பிக் கடையில் குமரேசனைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரோடு கல் லோரி ஓட்டிய பழைய கூட்டாளி, இன்னும் அதே குவாரியில் ஓட்டுகிறார். பசியாறிக்கொண்டே பேச்சு வந்தது.

"அண்ணி, இப்ப கோயில் பக்கமா ஒடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. அந்தப் பக்கந்தான் கல்லு நல்லாருக்காம். வெடி வச்சா நம்ம லோரியே குலுங்குது."

"எவ்வளவு நாளா?"

"சீனப் பெருநாளுக்கு முன்னாடி லா."

சீனப் பெருநாள் இந்த மாதத் தொடக்கத்தில். நான் தேநீரை முடித்துவிட்டு எழுந்துவிட்டேன். எனக்கு ஜாலான் பசார் சந்தையில் மீன் வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. லோரிக்காரர்கள் பேச்சில் பாதி காற்று, அவரே அப்படிச் சொல்வார்.

கை: அதே.

பிப்ரவரி 24, ஞாயிறு

குகையில் நாற்றம் இல்லை. ஏதோ குறைகிறதே என்று பார்த்தால் நாற்றம்தான். வௌவால்கள் போய்விட்டன. மேலே கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்த இடமெல்லாம் மொட்டையாக இருக்கிறது. பச்சையப்பன் அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எத்தன வருசமா புகை போட்டுப் பாத்தோம், போவல. சிவன் ஒரு மூச்சுல தொரத்திட்டாரு பாத்தியா?" என்றார். எச்சத்தைக் கழுவிக் கழுவி முதுகு உடைந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

வேனில் வந்த ஒரு மலாக்காக்காரர், நெற்றியில் பட்டையோடு, "ஏங்க, வவ்வாலே இல்லாம என்னாங்க வவ்வா மல?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்புதான் கடைசியில் நின்றது.

இன்று கொட்டியதில் மிளகு அளவு கல்லும் இருந்தது.

மதியத்துக்குமேல் ஒரு வேலை செய்தேன். சுயம்புவைச் சுற்றி ஒரு எல்லை உண்டு, அதற்குள் கால் வைக்கக்கூடாது, அது இந்தக் கோயில் ஐதீகம் என்று என் வேன்காரர்களிடம் சொன்னேன். வாய்க்கு வந்தது, சொன்னேன். எல்லோரும் பயபக்தியோடு பின்னால் போய் வாசல் பக்கம் நின்றார்கள். பச்சையப்பன் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல ஐதீகமா இருக்கே, யார் சொன்னா?" என்றார். பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றேன்.

கை: மூன்று விரல்.

பிப்ரவரி 27, புதன்

மழை. துணி காயவில்லை. பச்சையப்பன் அண்ணன் மஞ்சள் சாயம் வாங்கி அந்த எல்லையைத் தரையில் கோடாகவே போட்டுவிட்டாராம். என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

"அப்ப நீங்களும் கோட்டுக்கு வெளியதான நிக்கணும்?" என்றேன்.

"தொண்டு செய்யறவங்களுக்குக் கோடு கெடையாதாம். தலைவர் சொல்லிட்டாரு."

பெருமையாகச் சொன்னார்.

மார்ச் 2, சனி

இன்று காலை அவர் வலது கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். பாதி சட்டையில் கொட்டியது. இரண்டு பேரும் அடுப்படியில் நின்று அழுதோம். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வருகிறது. இந்த மனுஷன் போன தீபாவளிக்கு, என்னைக் கொண்டுபோய் எங்கேயாவது தள்ளிவிட்டு வா என்று சொன்னவர்.

பயிற்சிக்குப் போனபோது டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் வெளியே செருப்பு மாட்டப் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கூட்டறதும் பாய் விரிக்கறதும் பொட்டலம் மடிக்கறதும் நல்ல பயிற்சி. எங்க செஞ்சாலும் கை வரும். வீட்ல செஞ்சாக்கூட." நான் சரி என்றேன். காரில் வரும்போது அவர், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "எல்லாம் அவன் செயல்னு சொன்னாங்க" என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

கை: கோப்பை.

மார்ச் 3, ஞாயிறு

ஜெகா இரண்டு வேன் போட்டுவிட்டான். சுயம்புவின் தலையில் எப்போதும் சொட்டுகிற தண்ணீர் நின்றுவிட்டது. இப்போது பத்தடி தள்ளி, சுவரோரம் கம்பியாக ஒழுகுகிறது. மஞ்சள் கலந்த சேற்றுத் தண்ணீர். அதையும் பாட்டிலில் பிடிக்கிறார்கள்.

பூசை நடக்கும்போது கோலிக்குண்டு அளவு கல் ஒன்று ஆரத்தித் தட்டில் விழுந்தது. கற்பூரம் அணைந்தது. ஒரு நொடி எல்லோரும் மேலே பார்த்தார்கள். அப்புறம் யாரோ "ஓம் நமசிவாய" என்றார்கள், கூட்டம் பிடித்துக்கொண்டது. அந்தக் கல்லை அவர் எடுத்து மடியில் முடிந்துகொண்டார். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். நான் விளக்கேற்றும்போது அதைப் பார்ப்பதில்லை.

மார்ச் 6, புதன்

இன்று வேலை இல்லை. அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானே குகைக்குப் போனேன். யாரும் இல்லை. அவர் பாயில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார், கோட்டுக்கு உள்ளே. சைரன் ஊதியது. அவர் தலை நிமிரவில்லை. நான் சும்மா சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

குளிர்க் காய்ச்சலில் நடுங்குகிறவனைத் தொட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

மேலே ஒரு கீறல் தெரிந்தது. கூரையின் குறுக்கே, சாக்குக் கட்டியால் இழுத்த மாதிரி வெள்ளையாக. பழைய கீறலாகத்தான் இருக்கும். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

சோற்றை அவர் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னேன். "என்னாங்க, கொஞ்ச நாளைக்கு வீட்ல இருங்களேன். மழையா இருக்கு. வழுக்குது."

அவர் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் வலது கையைத் தூக்கி என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். ஐந்து விரலும் நடுங்கிக்கொண்டு விரிந்தது.

"இதப் பாரு இந்திரா. நல்லாப் பாரு. இது பொய்யா?"

இல்லை என்றேன். ரசம் ஊற்றினேன்.

திரும்பி வரும்போது பச்சையப்பன் அண்ணனிடமாவது சொல்லலாம் என்று அவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் கும்பாபிஷேகக் கனவில் இருந்தார், கோபுரப் படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு. "தங்காச்சி, உன் புருசனத்தான் நான் எல்லார்கிட்டயும் சாட்சியா காட்டுறேன். செத்த கைய எழுப்பிட்டாருமா ஈசன்!" என்றார். அந்த மனுஷனும் பொய் சொல்கிறவரில்லை. என் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை முதலில் தேடி வந்தது அவர்தான். கோபுரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கை: ஐந்து விரல்.

மார்ச் 9, சனி

இரண்டு நாளாக விடாத மழை. வியாழக்கிழமையிலிருந்து ஆற்றில் செம்மண் தண்ணீர்.

நாளை சிவகாமி அம்மாவின் கூட்டம் மறுபடி வருகிறது, முதல் திருநீறு விழுந்ததே அவர் தலையில், இந்தத் தடவை பேரன் பேத்தியோடு. என் வீட்டுக்காரருக்கு ஒரே பரபரப்பு. விடிந்ததும் போய்க் கூட்டிப் பாய் விரித்து வைக்க வேண்டுமாம், குழந்தைகள் உட்காருவதற்கு. வேட்டியைத் தானே துவைத்துத் தானே பிழிந்தார், இரண்டு கையாலும்.

நாளைக்கு வழியை மாற்றலாம் என்றிருக்கிறேன். முதலில் மேலே வியூபாயிண்ட், கடைசியில் குகை, நேரம் இருந்தால். மழை விட்ட காலையில் பனி விலகும்போது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், படம் நன்றாக வரும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் காரணம். ஜெகாவிடம் சொன்னேன், சரி என்றான்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று அவர் கேட்டால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிப் பதில் சொல்வது? மேலே போய்ச் சேர்ந்ததும் போன் போட்டு, வேன் தாமதம் என்று சொன்னால் போச்சு. நாளை ஞாயிறு. குவாரி லீவு, வெடி கிடையாது. ஒன்றும் ஆகாது.

வேன் கண்ணாடியைத் துடைத்தேன். வாந்திப் பை வாங்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 13, புதன்

நேற்று சாயங்காலம் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். கையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

மார்ச் 20, புதன்

டாக்டரம்மா வந்திருந்தார். டைரியை நிறுத்தாதீர்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல பெண். அதனால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. பச்சையப்பன் அண்ணன் ஹாரன் அடித்ததும் அவர் ஈர வேட்டியோடு ஓடினார். துவைத்தது காயவில்லை, அதையே கட்டிக்கொண்டு போனார். "சீக்கிரம் கூட்டிட்டு வா, புள்ளைங்க வெயிலுக்கு முன்னாடி சாமி கும்புடட்டும்" என்று சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

வேனில் மேலே போகலாம் என்றதும் சிவகாமி அம்மா முகம் சுருங்கியது. "சாமிய மொதல்ல பாக்கவேணாமா தங்காச்சி?" என்றார். பனி, படம், பேரப்பிள்ளைகள் என்று ஏதேதோ அளந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். ஏறிவிட்டோம்.

மேலே போய்ச் சேர்ந்ததும் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"எங்கம்மா வர்றீங்க? பாயெல்லாம் விரிச்சிட்டேன்."

"வழியில கொஞ்சம் லேட்டாவும். அண்ணன் எங்க?"

"பால் வாங்கப் போயிருக்காரு. நான் மட்டுந்தான் இருக்கேன்."

"வெளிய வந்து காத்தாட ஒக்காருங்களேன்."

"வெளிய ஒரே சேறு. உள்ளதான் குளுகுளுன்னு நல்லாருக்கு. நீங்க மெதுவா வாங்க."

சரி என்றேன். இதுதான் நான் சொன்ன வார்த்தை. சரி.

பிள்ளைகள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். பனி விலகியது. நான் என் வசனத்தைச் சொன்னேன், கீழே அந்தப் பச்சைத் திட்டு வாழைத்தோட்டம், அந்தக் கோடு நெடுஞ்சாலை, ஒற்றையாகக் கூம்பு மாதிரி நிற்கிறதே அதுதான் நம் வௌவால் மலை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலையின் இடுப்பிலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பியது. சத்தமே இல்லை. மெதுவாகப் பரந்து, உயர்ந்து, மலையையே மூடியது. அவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததில்லை.

"ஐயோ, திருநீறு!" என்று அலறினார் சிவகாமி அம்மா. "பாருங்கடி, ஈசன் மலைக்கே திருநீறு பூசுறாரு!"

எல்லோரும் கை கூப்பினார்கள். சின்னப் பிள்ளைகளின் கையையும் பிடித்துக் கூப்ப வைத்தார்கள். அப்புறம்தான் சத்தம் வந்து சேர்ந்தது, லோரியிலிருந்து கல்லைக் கொட்டுகிற சத்தம், நிற்காமல். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என்ன செய்கிறேன் என்றுதான் எப்போதும் பார்ப்பார்கள்.

நானும் கை கூப்பினேன்.

மார்ச் 24, ஞாயிறு

மலையைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்களாம். ஜெகா ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொன்னான். பச்சையப்பன் அண்ணன் தினம் காலையில் பழைய நேரத்துக்கு வந்து வாசலில் காரை நிறுத்துகிறார். ஹாரன் அடிப்பதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சிவகாமி அம்மா வந்தார். கிள்ளானிலிருந்து மகன் காரில் கொண்டுவந்து விட்டான். என்னைப் பார்த்ததும் காலில் விழப் போனார். பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். என் கையை விடவில்லை.

"அன்னிக்கு எப்பவும்போல மொதல்ல கொகைக்குப் போயிருந்தா நாங்க யாரும் இல்ல தங்காச்சி. எம் பேரப்புள்ளைங்க இல்ல. நீயா எங்கள மேல கூட்டிட்டுப் போன? இல்லமா. அந்த ஈசன்தான் ஒன் வாயில வந்து ஒக்காந்து சொன்னாரு."

தேநீர் கலக்கப் போகலாம் என்று எழுந்தேன், அவர் விடவில்லை. எங்கள் சங்கத்தில் வந்து நீயே உன் வாயால் இதைச் சொல்ல வேண்டும் என்றார். அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறதாம், மாலை போடுவார்களாம். பார்க்கலாம் அக்கா என்றேன்.

அப்புறம் அவர் சுவரில் மாட்டியிருந்த இவர் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத மனுஷி. மனசில் வந்ததைக் கேட்டார்.

"எங்க எல்லாருக்கும் சொன்னவரு, இவருக்கு மட்டும் ஏம்மா சொல்லாம விட்டாரு?"

"இவருக்கு யாருமே சொல்லலக்கா" என்றேன்.

அந்த அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.